கடல் ஒதுக்கிய பொருள்

வீதியில் கிடக்கும் பணப்பையைக் கண்டெடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் நம் மதரஸாப் பிள்ளைகள் தயங்காமல் விடை சொல்வார்கள். கண்டெடுக்கப்பட்ட பொருளுக்கு மார்க்கச் சட்டத்தில் ‘லுகதா’ என்று பெயர். அதன் அடையாளங்களை மனத்தில் இருத்திக்கொண்டு ஓராண்டு அறிவிக்க வேண்டும். உரியவர் வந்தால் ஒப்படைத்துவிட வேண்டும். பாடம் எளிது. பணப்பை சிறியது, விழுந்த வீதி தெரியும், தேடி வருபவரும் பெரும்பாலும் அந்த வீதியைச் சேர்ந்தவராகவே இருப்பார். ஆனால் கடல் அள்ளிக்கொண்டு போய், எங்கெங்கோ சுழற்றி, முன்பின் அறியாத ஒருவருடைய வேலியோரம் போட்டுவிட்டுச் செல்லும் பொருளுக்கு இந்தப் பாடத்தை எப்படிப் பொருத்துவது? கோட்டக்குப்பத்தில் வாழும் எங்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. 2024ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி ஓராண்டுக்கு மேல் எங்கள் குடும்பம் இந்தக் கேள்வியோடுதான் வாழ்ந்தது.

ஊரை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். புதுச்சேரியின் வடக்கு எல்லையை ஒட்டி, விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் மீது அமைந்தது எங்கள் ஊர். சாலை வழியே வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். தெற்கே சில நிமிடங்களில் புதுச்சேரி நகரம். கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தாலும் நம்மவர் கடலில் இறங்கிப் பிழைப்பவர் அல்லர். கடல் கடந்து போய்ப் பிழைப்பவர். வளைகுடா, சிங்கப்பூர், பிரான்சு என்று வீட்டுக்கு ஒருவராவது வெளியில் இருப்பார். கடலில் இறங்குபவர்கள் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று கரையோரமாக வரிசையாக அமைந்த குப்பங்களின் மீனவ மக்கள். அவர்கள் பிடிப்பதை நாம் வாங்குகிறோம். பாங்கு சொல்லி முடிந்த சற்று நேரத்திலெல்லாம் கூடையோடு வாசலில் குரல் கொடுக்கும் மீன்கார அம்மாவை, உறவுக்காரப் பெண்களைவிட அதிக முறை எங்கள் வீட்டுப் பெண்கள் பார்க்கிறார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

எங்கள் குடும்பத்துக்குக் கடலை ஒட்டி ஒரு சிறு தென்னந்தோப்பு உண்டு. முன்பு அதற்கும் அலைக்கும் இடையே நல்ல அகலமான மணற்பரப்பு இருந்தது. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் தடுப்புச்சுவர்கள் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்டன. தெற்கிலிருந்து வடக்கே ஆண்டில் பெரும்பகுதி ஓடிவரும் மணல் அங்கே தடைப்பட்டது. வடக்கேயுள்ள கரைகளைக் கடல் அரிக்கத் தொடங்கியது. அரிப்பைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். கற்கள் முடிந்த இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. இப்போது புயல் வீசினால் அலை நேராகத் தோப்பு வேலிக்கே வருகிறது. வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் பல மணி நேரம் ஏறத்தாழ அதே இடத்தில் நின்றுவிட்டது. அதுதான் அதன் கொடுமை. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. மரக்காணத்தில் உப்பளப் பாத்திகள் எது, ஏரி எது என்று பிரித்தறிய முடியாதபடி வெள்ளம் பரவிக் கிடந்தது. முன்னெச்சரிக்கை பல நாள் முன்பே வந்திருந்ததால் மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை. ஃபைபர் படகுகளை மேட்டுக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், உயிர்கள் பிழைத்தன. ஆனால் எல்லா வலையையும் மேட்டுக்கு ஏற்ற முடிவதில்லை. கரையில் குவித்து, தார்ப்பாய் போர்த்தி, கல் வைத்திருந்த வலைகளை அலை அப்படியே உருவிக்கொண்டு போனது.

மழை விட்ட பிறகு தோப்பைப் பார்க்கப் போனபோது வேலியோரம் மூன்று தென்னைகளைச் சுற்றிப் பிணைந்தபடி ஒரு வலை கிடந்தது. நீல நிறத் தங்கூசி வலை. மணலும் பாசியும் ஓலையும் பிளாஸ்டிக் குப்பையும் ஏறி, தூரத்திலிருந்து பார்த்தபோது ஏதோ பெரிய மிருகம் செத்துக் கிடப்பதுபோல் தெரிந்தது. அதனருகே கயிற்றோடு ஓர் இரும்பு நங்கூரம். இரண்டும் ஒருவருடையவையா, வேறு வேறு ஆட்களுடையவையா என்று சொல்ல முடியவில்லை.

எங்கள் வீட்டு இளைஞர்களிடையே அன்றே விவாதம் எழுந்தது. விடுப்பில் ஊருக்கு வந்திருந்த அண்ணன் மகன், “கடல் ஒதுக்கியது கண்டவனுக்குச் சொந்தம்தானே?” என்றான். இப்படி ஒரு வழக்குச் சொல் ஊரில் உண்டு. அவன் தானாகக் கண்டுபிடித்ததன்று. பெரியத்தா அதை ஏற்கவில்லை. “கடல் யாருக்கும் வலை பின்னிக் கொடுக்காதுப்பா. இது ஒருத்தன் கடன் வாங்கி வாங்குன வலை” என்றார்.

அவர் சொன்னது உண்மை. வலை என்பது ஒரே பொருள் அன்று. வலைத்துண்டுகளைத் தனியே வாங்க வேண்டும். மேல் கயிறு, அதில் கோக்கும் மிதவைகள், கீழ்க் கயிறு, அதில் கோக்கும் ஈயக் குண்டுகள் என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் செலவு. இவற்றையெல்லாம் கோத்துக் கட்டுவது பல நாள் வேலை. ஒவ்வொரு மீனுக்கும் கண்ணியின் அளவு வேறு. நண்டுக்கு ஒன்று, கானாங்கெளுத்திக்கு ஒன்று. ஆதலால் ஒரு மீனவரிடம் பல வகை வலைகள் இருந்தாக வேண்டும். ஒரு வலை போனால் அந்தப் பருவத்தின் தொழிலே போனதாகும். படகும் எஞ்சினும் நல்ல நிலையில் இருந்தும் கரையில் உட்கார்ந்திருக்கும் நிலை அது.

அந்த வழக்குச் சொல்லுக்கு மார்க்கச் சட்டத்தில் இடம் உண்டா என்று பார்த்தோம். அறிஞர்களிடையே இதில் ஒரு பழைய கருத்து வேறுபாடு இருக்கிறது. கப்பல் உடைந்து சரக்கு மூழ்கிப்போய், உரியவர்கள் நம்பிக்கை இழந்து கைவிட்டுப் போன பிறகு, ஒருவர் உயிரைப் பணயம் வைத்து மூழ்கி எடுத்தால் அது எடுத்தவருக்கே உரியது என்று ஹசன் அல்பஸரீ (ரஹ்) போன்ற முன்னோர் சிலர் கருதினார்கள். ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள் அதையும் ஏற்பதில்லை. மூழ்கினாலும் மிதந்தாலும் உடைமை உடைமையே என்பது அவர்கள் நிலை. ஆனால் அலை தானாகக் கரையில் கொண்டுவந்து போட்ட பொருள் அதன் உரியவருக்கே என்பதில் முதல் கருத்தினரும் வேறுபடவில்லை. மூழ்கி எடுத்தவருக்கும் வேலியோரம் கண்டவருக்கும் என்ன ஒப்பு? எங்கள் பங்குக்கு நாங்கள் செய்த முயற்சியெல்லாம் தோப்புக்கு நடந்து போனது மட்டுமே. அத்தோடு விவாதம் முடிந்தது.

கடல் கொணர்ந்த பொருளைப் பற்றிப் பேசும்போது நபி (ஸல்) அவர்கள் சொல்லிக் காட்டிய பனூ இஸ்ராயீல் மனிதரின் வரலாறு நினைவுக்கு வராமல் இராது. இமாம் புகாரீ (ரஹ்) அதைத் தம் தொகுப்பில் லுகதா பற்றிய பகுதியிலும் சேர்த்திருக்கிறார்கள். ஆயிரம் தீனார் கடன் வாங்கியவர். அல்லாஹ்வையே சாட்சியாகவும் பொறுப்பாளனாகவும் வைத்து வாங்கியவர். தவணை நாளில் கடல் கடந்து போகக் கப்பல் கிடைக்கவில்லை. ஒரு மரக்கட்டையைக் குடைந்து, பணத்தையும் கடிதத்தையும் உள்ளே வைத்து அடைத்து, பொறுப்பை அல்லாஹ்விடம் ஒப்படைத்துக் கடலில் விட்டார். அக்கரையில் கப்பலை எதிர்பார்த்து வந்த கடன்காரரின் கண்ணில் பட்டது அந்தக் கட்டை. அடுப்புக்கு விறகாகட்டும் என்று எடுத்துப் போனார். பிளந்தபோது பணம் கிடைத்தது. பின்னர் கப்பல் கிடைத்து, கடன் வாங்கியவர் இன்னோர் ஆயிரம் தீனாரோடு வந்து நின்றார். முன்பு அனுப்பியது வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்லி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார் மற்றவர். இந்த வரலாற்றில் பலருக்கும் கட்டை மிதந்து வந்ததுதான் வியப்பு. எங்களுக்கோ அந்த இரண்டாவது ஆயிரத்தைத் திருப்பி அனுப்பியதுதான் வியப்பு. கட்டை வந்ததை அவரும் அல்லாஹ்வும் தவிர வேறு யாரும் அறிந்திருக்கவில்லை.

இதே வரலாற்றில் ஒரு சிறு சட்ட நுணுக்கமும் இருக்கிறது. கரையொதுங்கிய விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டதை யாரும் குறை சொல்லவில்லை. தேடி வரமாட்டார் என்று வழக்கத்தில் அறியப்பட்ட அற்பப் பொருளுக்கு ஓராண்டு அறிவிப்பு இல்லை. வழியில் விழுந்து கிடந்த ஒரு பேரீச்சம்பழத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அது ஸதகாப் பொருளாக இருக்குமோ என்ற அச்சம் இல்லாவிட்டால் உண்டிருப்பேன் என்ற கருத்தில் சொன்னதும் இதற்கு ஆதாரம். கம்பு, சாட்டை, கயிறு போன்றவற்றுக்குச் சலுகை அளிக்கும் ஒரு செய்தி அபூதாவூதில் உண்டு. அதன் தொடர் பலவீனமானது என்று கூறுவோரும் இருக்கிறார்கள். கடற்கரையில் கிடக்கும் அறுந்த கயிற்றுத் துண்டையும் ஒற்றை மிதவையையும் பிள்ளைகள் எடுத்து விளையாடுவதை நாங்கள் தடுப்பதில்லை. முழு வலை அந்தக் கணக்கில் சேராது.

அடுத்து, எப்படி அறிவிப்பது? வலையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடலாம் என்று இளைஞர்கள் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள். பெரியத்தா கையமர்த்தினார். நபி (ஸல்) அவர்கள் லுகதாவைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அதன் உறையையும் அதைக் கட்டியிருக்கும் வாரையும் நன்கு அறிந்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வந்து கேட்பவர் அவற்றைச் சொல்ல வேண்டும். நாம் சொல்லிவிடக் கூடாது. பொருளின் இனத்தை மட்டும் அறிவித்து, தனி அடையாளங்களை மறைத்து வைக்க வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுவது இதனால்தான். படம் போட்டுவிட்டால் அடையாளம் எல்லோருக்கும் போய்விடும். அதன் பிறகு யார் வந்து என்ன சொன்னாலும் எதை வைத்துச் சரிபார்ப்பது? ஆகவே ‘தோப்பில் ஒரு வலையும் வேறொரு பொருளும் ஒதுங்கியுள்ளன, இழந்தவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்’ என்று மட்டும் செய்தி போயிற்று. நங்கூரம் என்ற சொல்லைக்கூட வெளியிடவில்லை.

ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லலாமா என்ற கேள்வியும் எழுந்தது. தொலைந்த பொருளைப் பள்ளிக்குள் கூவித் தேடுவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். பள்ளிகள் அதற்காகக் கட்டப்பட்டவையல்ல. தொழுதுவிட்டு மக்கள் வெளியே வரும்போது வாசலில் நின்று அறிவிப்பதே முன்னோர் வழக்கம். இமாம் அவர்களும் அதையே சொன்னார்கள். ஆனால் உண்மையில் எங்கள் அறிவிப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் மீன்கார அம்மாதான். வலைக்கு உரியவர் நம் பள்ளிவாசலுக்கு வரப்போகிறவர் அல்லரே! எங்கள் வீட்டு வாசலில் செய்தியைக் கேட்டவர், மறுநாளைக்குள் நான்கு குப்பங்களுக்குச் சொல்லிவிட்டார். இரண்டு நாட்டார்களிடம் எங்கள் சார்பில் அவரே பேசியும் வந்தார். ஒரு பொருளைக் கண்டெடுத்தவர் நேர்மையான சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும், மறைக்கக் கூடாது என்ற நபிமொழியும் உண்டு. எங்களுக்கு அமைந்த முதல் சாட்சி அவர்.

இதற்கிடையில் வலையைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. கண்ணிகளில் சிக்கி அழுகிய மீன்களின் நாற்றம் தோப்பைத் தாண்டிச் சாலை வரை வந்தது. கூலிக்கு இருவரை வைத்து மூன்று நாள் சிக்கெடுத்து, மணலை உதறி, நிழலில் உலர்த்தினோம். அப்போதுதான் தெரிந்தது, கீழ்க் கயிற்றின் ஒரு பகுதியில் ஈயக் குண்டுகள் இல்லை. அலை அறுத்ததுபோல் இல்லை. கத்தி பட்ட இடம் நேராக இருந்தது. நாங்கள் போய்ப் பார்ப்பதற்கு முன்பே பழைய பொருள் பொறுக்கும் சிறுவர்கள் வந்து அறுத்து, எடைக்குப் போட்டிருக்கிறார்கள். அண்ணன் மகன் இரண்டு பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, மூன்றாவது கடையில் கண்டுபிடித்து, கேட்ட விலையைக் கொடுத்து மீட்டு வந்தான். கடல் ஒதுக்கியது கண்டவனுக்கே என்று முதல் நாள் வாதிட்டவன் அவன்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

வலையைத் தேடி முதலில் வந்தவர் ஓர் இளைஞர். நீல வலை, வெள்ளை மிதவை என்றார். இந்தக் கரையில் பாதி வலைகள் அப்படித்தான் இருக்கும். வேறு அடையாளம் கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வருத்தத்தோடு திரும்பிப் போனார். அவர் பொய் சொல்ல வந்தவர் என்று நாங்கள் நினைக்கவில்லை. அவருடைய வலையும் நீலம்தான். அதுவும் கடலில்தான் போனது.

பத்து நாள் கழித்து வடக்கேயுள்ள ஒரு குப்பத்திலிருந்து வயதான மீனவர் ஒருவர், நடை தளர்ந்தவர், மகனோடு வந்தார். திண்ணையில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தோம். வலையை அவர் பார்க்கவில்லை. அது வீட்டின் பின்கட்டில் இருந்தது.

“மேல் கயிறு பாதிக்கு மஞ்சள், மீதி பச்சை, பாய். ரெண்டையும் நான்தான் சேர்த்துக் கட்டினேன். சேர்த்த இடத்துல மெதவை பத்தலைன்னு பேத்தியோட பழைய செருப்ப வெட்டிக் கோத்திருப்பேன். மூணு துண்டு. ஒரு துண்டுல பூப் போட்டிருக்கும்.”

பெரியத்தா எழுந்து உள்ளே போனார். தேய்ந்த ரப்பர்ச் செருப்பை வெட்டி மிதவையாகக் கோப்பது கரையெங்கும் உள்ள வழக்கம்தான்; ஆனால் மஞ்சளும் பச்சையும் சேரும் முடிச்சுக்கு அருகே மூன்று துண்டுகளும், அவற்றில் ஒன்றில் உப்பில் வெளிறிய ஒரு சிறு பூவும் இருந்தன. உறையையும் வாரையும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்ற அந்தச் சொல்லை நாங்கள் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முந்தைய அரபகத்துத் தோல்பையின் வார், எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு குழந்தையின் செருப்புத் துண்டாக இருந்தது.

அவர் வலையைக் கையிலெடுத்து மடியில் போட்டுக்கொண்டு, கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்த்தார். எங்கெங்கே கிழிந்திருக்கிறது, எதைத் தைக்கலாம், எதை வெட்டி எறிய வேண்டும் என்று மகனிடம் சொல்லிக்கொண்டே வந்தார். மீட்டு வந்த ஈயக் குண்டுகளைப் பையோடு கொடுத்தபோதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். சிக்கெடுத்த கூலியும் ஈயத்துக்குக் கொடுத்த விலையும் எவ்வளவு என்று கேட்டார். உரியவருடைய அனுமதியோ காழியின் ஆணையோ இல்லாமல் கண்டெடுத்தவர் செய்யும் செலவு உபகாரமாகவே கருதப்படும்; திருப்பிக் கேட்க உரிமையில்லை என்பது ஹனஃபி சட்டம். கண்டு தருபவருக்கு இன்னது தருவேன் என்று உரியவர் முன்பே அறிவித்திருந்தால்தான் அன்பளிப்பும் உரிமையாகும். இதையெல்லாம் அவரிடம் விளக்கிக்கொண்டிருக்காமல், “ஒண்ணும் வேணாம்ணே” என்று பெரியத்தா முடித்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் மீன்கார அம்மாவின் கூடையில் இரண்டு பெரிய கொடுவா மீன்கள் எங்கள் வீட்டுக்கென்று தனியாக வந்தன. அன்பளிப்பை மறுப்பது அழகன்று. ஒன்றைச் சமைத்தோம், மற்றொன்று இமாம் வீட்டுக்குப் போனது.

வலையை இழந்தவர் எப்படித் தேடுவார் என்று அந்தப் பெரியவரிடம் அன்று நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தோம். கடலில் விட்ட வலையின் இரு முனைகளிலும் போயாவும் கொடியும் விளக்கும் கட்டுகிறார்கள். இப்போது விட்ட இடத்தை ஜிபிஎஸ் கருவியில் குறித்துக்கொள்கிறார்கள். அவர் இளமையில் கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை, ஒரு பனைமரத்தையும் கோபுரத்தையும் போல, ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து, இன்னொரு பக்கத்தில் வேறு இரண்டை அப்படியே நிறுத்தி, இரு கோடுகளும் சந்திக்கும் இடத்தைக் கண்ணாலேயே குறிப்பாராம். வலை மூழ்கிப் பாறையிலோ கொட்டிய கற்களிலோ மாட்டிக்கொண்டால், பல கொக்கிகள் உள்ள இரும்பைக் கயிற்றில் கட்டி அடியில் இழுத்துப் பார்ப்பார்களாம். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க நம் வீடுகளில் இருந்த பாதாளக்கரண்டிதான், அளவில் பெரியது. இன்று ஊரில் எத்தனை வீட்டில் பாதாளக்கரண்டி இருக்கும் என்று தெரியவில்லை. இரவல் வாங்க வருபவரிடம் ஒரு சொம்பை ஈடாக வாங்கி வைத்துக்கொண்டுதான் நன்னிமா அதைக் கொடுப்பார்கள். தேடுவதற்கான கருவியே தொலைந்துபோகக் கூடாது அல்லவா?

தொலையும் முன்பே தேடுவதற்கு வழி செய்து வைக்கும் அறிவு எல்லா நாட்டிலும் இருக்கிறது. குல்மார்க் போன்ற பனிமலைகளில் செங்குத்தான சரிவில் சறுக்குபவர்களின் பலகை, விழும்போது காலிலிருந்து கழன்று புதைபனிக்குள் புகுந்துவிடும்; மேலே தடயமே இராது. பலகையின்றி இடுப்பளவு பனியில் இறங்கி வருவது ஆபத்தான காரியம். ஆகவே அனுபவமுள்ளவர்கள் நீளமான வண்ண நாடாவைப் பலகையோடு கட்டிக்கொள்கிறார்கள். பலகை புதைந்தாலும் நாடாவின் ஒரு முனை வெளியே தெரியும் என்பதற்காக. கடலில் அந்த நாடாவின் வேலையைக் கொடி செய்கிறது. கொடியையும் புயல் பிடுங்கிவிட்டால், பூப் போட்ட செருப்புத் துண்டு.

கிடைக்காமலே போகும் வலைகளின் கதை வேறு. தங்கூசி மக்காது. பருத்தி வலை இருந்த காலத்தில் கடலில் போனது சில மாதங்களில் இற்றுப்போகும். இப்போதையது ஆண்டுக்கணக்கில் அடியில் கிடந்து, எடுக்க ஆளில்லாமலே மீனையும் நண்டையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். உலகக் கடல்களின் குப்பையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இப்படிக் கைவிடப்பட்ட, தொலைந்த மீன்பிடிக் கருவிகள் என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சுற்றுச்சூழல் திட்டமும் 2009இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. புதுச்சேரிக் கடலில் முக்குளிப்பவர்கள் இத்தகைய வலைகளை அறுத்து மேலே கொண்டுவருகிறார்கள். அவற்றுக்கு உரியவரைத் தேடுவது நடவாத காரியம்; எடுப்பதே ஒரு ஸதகா என்று நாங்கள் எண்ணுகிறோம். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது தர்மம் என்றால், மீனின் பாதைக்கும் அது பொருந்தும்தானே.

தொலைந்த பொருளைத் தேடுவதை அற்பமான உலகியல் காரியம் என்று ஒதுக்குபவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்து மாலையை நினைக்க வேண்டும். பயணத்தில் மாலை அறுந்து விழுந்துவிட்டது. அதுவும் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களிடம் இரவல் வாங்கியது. அதைத் தேடுவதற்காக நபி (ஸல்) அவர்கள் தங்கினார்கள். கூட வந்த மக்களும் தங்கினார்கள். அங்கே நீர் இல்லை. மக்களிடமும் நீர் இல்லை. அபூபக்கர் (ரலி) மகளைக் கடிந்துகொண்டார்கள். அந்த இடத்தில்தான் தயம்முமுடைய வசனம் இறங்கியது. பிறகு புறப்படுவதற்காக ஒட்டகத்தை எழுப்பியபோது அதன் அடியிலேயே மாலை கிடந்தது. ஓர் இரவல் மாலைக்காக ஒரு படையே நின்றது. யாரும் அதை விட்டுவிட்டுப் போகலாம் என்று தீர்மானிக்கவில்லை. பயணத்திலும் நோயிலும் நாம் மண்ணில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தேடலின் பயனைத்தான் அனுபவிக்கிறோம்.

எங்கள் வீட்டில் நங்கூரம் மீதமிருந்தது. பெரியவர் அதைப் பார்த்த உடனேயே தம்முடையதன்று என்று சொல்லிவிட்டார். அவருடைய நங்கூரமும் அதே புயலில்தான் போயிருந்தது. தம்முடையது என்று சொல்லியிருந்தால் நாங்கள் ஐயம் கொண்டிருக்கவும் மாட்டோம். மாதம் ஒரு முறை குப்பங்களுக்குச் சொல்லி அனுப்பினோம். மரக்காணம் வரை செய்தி போனது. சிலர் வந்து கேட்டார்கள். எவருடைய வருணனையும் பொருந்தவில்லை. ஆயுதக்கால் ஒன்றில் ஒட்டு வைத்த தழும்பு இருக்கிறது. அதை யாரும் சொல்லவில்லை.

ஓராண்டு என்பது எந்த ஆண்டு என்றும் ஒரு கேள்வி வந்தது. ஹிஜ்ரி 1446 ஜமாதுல் அவ்வல் இறுதியில் கிடைத்த பொருளுக்கு, பிறைக் கணக்குப்படி 2025 நவம்பரிலேயே தவணை முடிந்துவிட்டது. சட்டப்படி அது போதும். ஆனால் குப்பத்து மக்களுக்குப் பிறைக் கணக்கு பழக்கமில்லை. புயல் வந்த தேதியைத்தான் அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு உரிய பதினொரு நாளை நாம் ஏன் குறைக்க வேண்டும் என்று பெரியத்தா டிசம்பர் வரை காத்திருக்கச் சொன்னார்.

டிசம்பரும் கழிந்தது. இமாமிடம் கேட்டபோது, இனிப் பயன்படுத்தலாம், ஆனால் என்றைக்கு உரியவர் வந்து சரியாக அடையாளம் சொன்னாலும் பொருளையோ அதன் மதிப்பையோ கொடுக்கும் கடமை உங்கள் மீது இருக்கிறது என்றார்கள். நங்கூரத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? எங்களுக்குப் படகில்லை. அண்ணன் மகன் வளைகுடாவுக்குத் திரும்பு முன் அதை வண்டியில் ஏற்றி அந்தப் பெரியவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தான், இரவலாக. யாராவது ஒட்டு வைத்த தழும்பைச் சொல்லிக்கொண்டு வந்தால் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. அவர் ஒப்புக்கொண்டார், தழும்புக்கு மேல் வண்ணம் பூசமாட்டேன் என்றும் தாமாகவே சொன்னாராம்.